அவர் எழுந்தால் உருளை ஓடும்

என் அத்தான் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்று எங்கள் குடும்பத்தில் சொல்வார்கள். அது முழு உண்மையல்ல. அவருடைய வயிற்றுப்பிழைப்பே உட்கார்ந்திருப்பதுதான். எஃகுத் தண்டுகளை உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி நீட்டும் ஒரு மில்லில், ஓய்வு பெறும்வரை ஓர் இரும்பு முக்காலியில் உட்கார்ந்தே சம்பளம் வாங்கினார். வீட்டில்தான் உட்காரமாட்டார்.

என் அக்காவுக்கு அவர் மேல் பல குறைகள் இருந்தாலும் கோபம் என்று இருந்தது ஒன்றுதான். எந்த நாளும் உட்காராத மனுஷன், எழுந்து ஓடி வரவேண்டிய ஒரு நாளில் உட்கார்ந்தே இருந்துவிட்டார். அந்தக் கோபம் அவர் போவதற்குள் தீருமா, அதையும் சேர்த்து அக்கா இனித் தனியாகச் சுமப்பாளா என்பதுதான் அவர் படுக்கையில் விழுந்தபிறகு என்னை அரித்த கவலை.

முதலில் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுகிறேன். மில்லிலும் தெருவிலும் அவருக்குப் பெயர் 'சக்கரம்'. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று யாரோ ஆரம்பித்து வைத்தது. சாப்பாட்டைத் தட்டோடு கையில் ஏந்தி, அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தபடியே சாப்பிடுவார். பேப்பரை நடந்துகொண்டு படிப்பார். பக்கம் திருப்பும் இடமும் ஜன்னலருகே என்று பழகிப்போயிருந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர் மாதிரிதான் நிற்பார். முடி வெட்டுபவர் அவரைக் கண்டாலே, "அண்ணே, காதை வீட்ல வச்சிட்டு வந்தீங்களா?" என்பார். இருமுறை வெட்டுப்பட்ட காது அது. எங்கள் வீட்டுப் படங்களில் எல்லோரும் தெளிவாக இருப்போம். ஓர் ஓரத்தில் புகை மாதிரி ஒன்று இருக்கும், அதுதான் அத்தான்.

பஸ்ஸுக்குக் காத்திருக்க அவருக்குப் பொறுக்காது. இந்த நிறுத்தத்தில் நிற்பதைவிட அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துவிடலாம் என்று கிளம்புவார். பாதி வழியில் பஸ் அவரைத் தாண்டிப் போகும். அதிலிருந்து அக்கா கையை ஆட்டிக்கொண்டு போவாள்.

"நிக்கிறவனுக்குத்தாங்க பஸ் நிக்கும்," என்பாள், வியர்க்க விறுவிறுக்க வந்து சேரும் அவரிடம்.

"நான் பாதி தூரம் வந்துட்டேன்ல?" என்பார் அவர். அந்தக் கணக்கு யாருக்கும் புரிந்ததில்லை.

இப்படிப்பட்டவரை முக்காலியில் உட்கார வைத்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு அந்த வேலையைச் சொல்ல வேண்டும்.

எஃகு வெளியே பார்க்க ஒரே வழவழப்பு. உள்ளே அப்படியில்லை, உப்பைப் போல மணி மணியாக இருக்கும். மணி பொடியாக இருந்தால் தண்டு அடி தாங்கும், கடுங்குளிரிலும் முறியாது. மணி பெருத்திருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். உலைக்குள் வெந்து வெளியே வரும் தண்டில் மணிகள் ஊதிப்போயிருக்கும். உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்க நசுக்க அவை நொறுங்கிப் பொடியாகும். ஆனால் கடும் சூட்டிலேயே எல்லா நசுக்கலையும் முடித்துவிட்டால், பொடியானவை அந்தச் சூட்டில் ஒன்றையொன்று தின்று மறுபடி பெருத்துவிடும். அதனால் முதல் உருட்டல் முடிந்ததும் தண்டுகளை ஒரு மேடையில் நிறுத்தி வைத்து, சூடு ஒரு குறிப்பிட்ட அளவுக்கு இறங்கியபிறகே கடைசி உருட்டலுக்கு விட வேண்டும். அதற்காக ரொம்பவும் ஆறவிடவும் கூடாது. விறைத்த தண்டு உருளையில் வெடிக்கும். சில சமயம் உருளையும் சேர்ந்து போகும்.

அவர்கள் உருட்டியது கிரேன் கொக்கிகளுக்கும் ரயில் பெட்டி இணைப்புகளுக்கும் போகிற தடித்த தண்டுகள். அவை ஆற நேரமாகும். ஒரே பக்கமாகக் கிடந்தால் அடிப்பாகம் முந்திக் குளிர்ந்துவிடும் என்பதால், மேடையின் சின்ன உருளைகள் அவற்றை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருக்கும். அந்த மேடைக்கு எதிரே ஒரு முக்காலி. முக்காலிக்கு முன்னால் சூடு காட்டும் முள். முள்ளைப் பார்க்கிறவன் முக்காலியில் இருப்பான். உருளைகளை ஓட்டுகிறவரோ உயரத்தில், கண்ணாடிக் கேபினுக்குள். அங்கிருந்து முள் தெரியாது. இரைச்சலில் குரல் எடுபடாது. ஆகவே அந்த மில்லில் தொன்றுதொட்டு ஒரு வழக்கம்: முக்காலியில் ஆள் உட்கார்ந்திருந்தால் தண்டு நிற்கும். ஆள் எழுந்தால் கேபின்காரர் உருளையை ஓட்டுவார். எழுந்தால் ஓட்டு, அவ்வளவுதான் சட்டம்.

அத்தானுக்கு முன்னால் அந்த முக்காலியில் இருந்தவர்கள் எல்லோரும் தூங்கினார்கள். உலைச் சூடு முகத்தில் அடிக்க, எதிரே தண்டுகள் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருக்க, யாருக்குத்தான் கண் சொக்காது? ஒருவர் குறட்டை விட்டதில் ஒரு வரிசைத் தண்டுகள் விறைத்து, உருளை ஒன்று இரண்டாகப் பிளந்தது. அதற்குப் பிறகு ஃபோர்மன் மில் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்து அத்தான் முன்னால் நின்றார்.

"உனக்குத் தூக்கம் வருமாய்யா?"

"வீட்லயே வராதுங்க."

"அப்ப நீ உக்காரு."

அவர் உட்கார்ந்த அழகைக் கேபின்காரர் எங்களுக்கு நடித்துக் காட்டுவார். கால் விரல்கள் பூட்ஸுக்குள் தாளம் போடும். கை துணியை முறுக்கும், அவிழ்க்கும். தோள் குலுங்கும், கழுத்து திரும்பும், உதடு எதையோ முணுமுணுக்கும். ஆசனம் மட்டும் முக்காலியோடு பற்றவைத்தது போல் இருக்கும். நடுநடுவே கேபினைப் பார்த்துக் கையை ஆட்டுவார். கேபின்காரரும் ஆட்டுவார். "என்னடா, டீக்கடையத் தூக்கிட்டுப் போயிட்டாங்களா?" என்று கேட்கிற மாதிரி இவர் சைகை செய்தால், அவர் தலையில் அடித்துக்கொள்வார். இரண்டு பேருக்கும் அது பொழுதுபோக்கு.

முதல் தவறு ஒரு குளவியால் வந்தது. தண்டுகள் செக்கச்செவேல் என்று மேடைக்கு வந்த சற்று நேரத்திலேயே அத்தான் துள்ளி எழுந்துவிட்டார். கேபின்காரர் சட்டப்படி ஓட்டிவிட்டார். வரிசை மொத்தமும் கடும் சூட்டிலேயே உருண்டு முடிந்தது.

"ஏன்யா எழுந்த?"

"குளவிங்க."

"எங்க கொட்டுச்சு?"

"சொல்ற இடம் இல்லீங்க."

மில்லே சிரித்தது. ஃபோர்மனும் சிரித்துக்கொண்டுதான் ஓரத்துத் தண்டு ஒன்றை எடுத்து, துண்டு வெட்டி, முறித்துப் பார்த்தார். முறிந்த முகம் சாம்பல் நிறத்தில், பட்டுத்துணி போல் மங்கலாக இருந்தது. நல்ல எஃகு முறிந்தால் அப்படித்தான் இருக்க வேண்டும். தப்பித்தோம் என்று அனுப்பிவிட்டார்கள். ஓரத்துத் தண்டு காற்றுப் பட்டு எப்போதும் முந்தி ஆறுவது என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கொக்கி செய்கிற இடத்தில், பாரம் ஏற்றிப் பார்த்தபோது ஒன்று படாரென்று முறிந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. மொத்தமும் லாரியில் திரும்பி வந்து மில் வாசலுக்கு உள்ளே குவிந்தது.

ஃபோர்மன் முறிந்த கொக்கியை அத்தான் கையில் கொடுத்தார். அதன் முறிவு சர்க்கரையைக் கொட்டியது போல் மின்னியது.

"பளபளன்னு இருக்குல்ல? இந்த எடத்துல பளபளப்பு வந்தா நம்ம மூஞ்சில கரி."

அந்தக் குவியலைத் தாண்டித்தான் எல்லோரும் வேலைக்குப் போக வேண்டும். 'சக்கரத்தோட சொத்து' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். "சொத்து மழையில நனையுதே, குடை பிடிக்கலையா?" என்பார்கள். உருக்கி முடிக்கும்வரை அத்தான் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே நடந்தார். பேச்சு எப்படியோ போகட்டும். ஓடுகிற ரயிலில் அதே தண்டு இருந்திருந்தால் என்ற நினைப்பு அவரை விடவில்லை. வீட்டில் கூடத்தை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அளந்தபடி, "இனிமே பாம்பே வந்து மடியில படுத்தாலும் எழுந்திருக்க மாட்டேன்," என்றார்.

"பாம்புக்கு வேற வேலை இல்ல பாருங்க," என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது அவள் தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள்.

அந்தப் பிள்ளை மாதம் நிறையாமலேயே பிறந்தது. மில்லின் பின்தெருவில் இருந்த பிரசவ ஆஸ்பத்திரி அது. ஜன்னலைத் திறந்தால் மில்லின் இரைச்சல் கேட்கும். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். துணிச்சுருளில் வைத்து டாக்டர் அவனை என் கையில் கொடுத்தார். மூச்சு, வெளியே போவோமா உள்ளே வருவோமா என்று முடிவெடுக்க முடியாமல் இருந்தது. "குழந்தையோட அப்பா பக்கத்துல இருந்தா உடனே வரச் சொல்லுங்க," என்றார். உடனே என்ற சொல்லை அவர் மெதுவாகச் சொன்ன விதத்தில் எங்கள் அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. செருப்புக்கூடப் போடாமல் மில் வாசலுக்கு ஓடினார்.

வாசல் காவலாளி உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"காதுகிட்ட போய்ச் சொல்லிட்டேன் ஐயா. பையன், நிலைமை சரியில்லைன்னு சொன்னேன். தலையாட்டினாரு."

"வர்றாரா?"

"எழுந்திருக்கல."

அப்பா கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு தனியாக வந்தார்.

"எங்கப்பா அவரு?" என்றாள் அக்கா.

"வர்றாரும்மா. வந்துக்கிட்டே இருக்காரு."

அவள் கதவைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள், மறுபடி கதவைப் பார்த்தாள். எப்போதும் எங்காவது ஓடிக்கொண்டிருக்கிற கால்கள், ஒரு தெரு தாண்டி வராமல் இருந்தன. அவன் என் கையிலிருந்து அவள் மார்புக்குப் போனான். அங்கேயே அவன் மூச்சு நின்றுபோனது.

அத்தான் வந்தபோது தோல் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. அவரோடு மில்லின் அனலும் அறைக்குள் வந்தது. கதவருகே நின்றார். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றார்.

"ஆள் வந்து சொன்னாங்களா?" என்றாள் அக்கா.

"சொன்னாங்க."

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அப்புறம்?"

"எழுந்திருக்க முடியல."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைய தண்டுகள் மிக நன்றாக வந்தன என்றும், முறித்துப் பார்த்த முகத்தில் ஒரு மினுக்கமும் இல்லை என்றும் பின்னால் ஒருவர் சொல்லிக் கேட்டேன். அதை அக்காவிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்றே அத்தான் ஃபோர்மனிடம் போனார். ஆள் எழுந்தாலும் தண்டை நிறுத்தி வைக்க ஒரு வழி வேண்டும் என்றார்.

"இத்தனை வருஷமா இல்லாத வழியா?"

"இத்தனை வருஷமா யாருக்கும் தேவைப்படல."

ஃபோர்மனால் மறுக்க முடியவில்லை. முக்காலிக்காரன் அவசரமாகப் போக வேண்டியிருந்தால் தன் ஹெல்மெட்டைக் கழற்றி முக்காலி மேல் வைத்துவிட்டுப் போகலாம். ஹெல்மெட் இருந்தால் ஆள் இருப்பதாகவே அர்த்தம், ஓட்டக் கூடாது, வேறொருவர் வந்து உட்கார வேண்டும் என்று ஏற்பாடானது. பிற்பாடு மில்லில் பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் வந்தன. ஆனாலும் முக்காலியில் ஹெல்மெட் வைக்கிற பழக்கம் போகவில்லை. ஏன் வைக்கிறோம் என்று தெரியாமலே வைத்தார்கள். அத்தான் அந்த மில்லில் விட்டுச்சென்றது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. சண்டையும் சிரிப்புமாக மற்ற வீடுகளைப் போலவே அந்த வீடும் ஓடியது. அக்கா சமைத்தாள், அவர் நடந்தபடியே சாப்பிட்டார். ஆனால் பேச்சுக்கு நடுவே அவர் சட்டென்று எதற்காவது கிளம்பிப் போனால் போதும், அவளிடமிருந்து அந்த வாக்கியம் வந்துவிடும்.

"இப்ப ஓடுங்க. எழுந்திருக்க வேண்டிய அன்னைக்கு ஒட்டிக்கிட்டு உக்காந்திருங்க."

கோபமாகச் சொன்ன காலம் போய், உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் சொல்லும் அளவுக்கு அது தேய்ந்திருந்தது. இருந்தும் ஒவ்வொரு முறையும் அவர் முகம் அந்த ஆஸ்பத்திரிக் கதவருகே நின்ற முகமாகிவிடும். பதில் சொன்னதே இல்லை. அவள் காய்ச்சலில் படுத்திருந்தாலும் கட்டில் ஓரத்தில் நின்றபடியேதான் பார்த்துக்கொள்வார். "உக்காருங்களேன், கழுத்து வலிக்குது உங்களப் பாத்து," என்பாள். உட்காரமாட்டார். குட்டி போட்ட பூனை மாதிரி இங்கும் அங்கும் அலைவார். அவருக்கு இருப்புக் கொள்ளாது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்தேன். அன்றிலிருந்து அவள் முன்னால் உட்காரவே அவருக்குப் பயம் என்று இப்போது படுகிறது.

ஓய்வு பெற்றபிறகு நடை இன்னும் கூடியது. தெருவில் யார் வீட்டு வேலையாக இருந்தாலும் அவரே போவார். பால் வாங்கப் போனவர் தபாலாபீஸ், மருந்துக்கடை, யாரோ ஒருவர் சைக்கிளுக்குக் காற்று என்று முடித்துக்கொண்டு பாலை மறந்து வருவார். பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடிப்படியில், அப்புறம் சமதரையில், கடைசியில் கட்டிலிலிருந்து ஜன்னலுக்குப் போவதற்குள். நுரையீரல் கெட்டியாகிக்கொண்டே வருகிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்து முகத்தில் பிராணவாயு மூடியைக் கட்டினார்கள்.

படுக்கையிலும் அவர் ஓயவில்லை. போர்வைக்குள் கால்கள் நடந்துகொண்டே இருந்தன.

"ஐயா எந்த ஊருக்குக் கெளம்பிட்டீங்க?" என்பாள் நர்ஸ், போர்வையை இழுத்து விட்டபடி.

"பஸ் வரல. அதான் அடுத்த ஸ்டாப்புக்கு," என்பார் மூடிக்குள்ளிருந்து. அவள் சிரித்துவிட்டு ஊசியைக் குத்துவாள்.

ஒருநாள் காலை கேபின்காரர் கைத்தடியோடு வந்தார். அக்கா கட்டிலருகே இருந்த முக்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். அத்தான் அவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். வழக்கம் போல அவரும் ஆட்டப் போனவர், பாதியில் கையைக் கீழே போட்டுவிட்டார்.

"டேய் சக்கரம், ஆட்டாதடா," என்றார். அக்காவிடம் திரும்பினார். "இவன் சொல்லியிருக்க மாட்டான் தங்கச்சி. உங்க பையன் பொறந்த அன்னைக்கு, வாட்ச்மேன் வந்து சொல்லிட்டுப் போனப்புறம், இவன் என்னப் பாத்துக் கையை ஆட்டினான். ரெண்டு கையும் ஆட்டினான். நெஞ்சத் தொட்டான், வாசலக் காட்டினான். நான் என்ன நெனச்சேன்? எப்பவும் பண்ற கூத்துதானேன்னு நெனச்சேன். நானும் ஆட்டினேன். அவன் விடாம ஆட்டறான், நானும் சிரிச்சிக்கிட்டே விடாம ஆட்டறேன்."

அக்கா சுவரோரத்திலிருந்து கட்டிலருகே வந்தாள்.

"வேற யாரும் எட்டற தூரத்துல இல்ல. எழுந்தா நான் ஓட்டிடுவேன்னு அவனுக்குத் தெரியும். அப்புறம் ஆட்டறத நிறுத்திட்டான். அன்னைக்குத்தான் அவன் ஒரு விரல் கூட ஆடாம உக்காந்து பாத்தேன். அப்பவாவது எனக்கு உறைச்சிருக்க வேணாமா?"

"உளறாத," என்றார் அத்தான் மூடிக்குள்ளிருந்து.

"இத்தனை நாளா ஏண்ணே சொல்லல?" என்றாள் அக்கா.

"இவன் சொல்லாதன்னான். என் வீட்டுக்காரிக்கு உன் மேலயும் சேத்து எதுக்குக் கோவம், ஒருத்தன் போதும்னான்."

அவர் கிளம்பிப் போனார். அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு அத்தான் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"கூப்பிட்டுப் பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவர் யோசித்தார். மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினார். "கூப்பிட்டேன்தான். ஆனா உக்காந்துதானே இருந்தேன். எழுந்திருந்தா பையனப் பாத்திருப்பேன்ல?"

அக்கா அவர் காலடியில் சுருண்டிருந்த போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு, "அந்தக் கேபின்ல நான் இருந்திருக்கணும்," என்றாள். அவருடைய காலைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அது அவள் கைக்குள்ளும் நடந்தது.

அதற்குப் பிறகு அவள் அந்த முக்காலியை விட்டு எழ மறுத்தாள். இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, சிரமப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் வராந்தாவில் என்னிடம் சொல்லியிருந்தார். நான் அதை அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். எழவில்லை.

"கேன்டீனுக்கு வாக்கா, ரெண்டு வாய் சாப்பிட்டு வந்துடலாம்."

"நீ போ."

"நீ விழுந்துட்டா யாரு பாப்பா?"

"நான் எழுந்தா அனுப்பிடுவாங்கடி," என்றாள்.

யார் அனுப்புவார்கள், எங்கே என்று நான் கேட்கவில்லை. குளியலறைக்குப் போகவேண்டியிருந்தபோது தன் கைப்பையை முக்காலி மேல் வைத்துவிட்டுப் போனாள். பெருக்க வந்த அம்மா அதைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு முக்காலியை நகர்த்தப் போக, பாதி வழியிலிருந்து அக்கா ஓடிவந்தாள்.

"எடுக்காதீங்க! வைங்க, வைங்க, இருந்த எடத்துல வைங்க!"

"தங்கமா வச்சிருக்க அதுக்குள்ள?" என்று அந்த அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு பையைத் திரும்ப வைத்தார். மூடிக்குப் பின்னால் அத்தான் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. ஹெல்மெட் ஞாபகம் அவருக்கும் வந்திருக்க வேண்டும். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்க வெகுநேரமானது.

அவள் அப்படி இருந்த நாட்களில் அவர் உடம்பு படாதபாடு பட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு நீலமாகி, வெளுத்து, மறுபடி நீலமாகும். ஆனாலும் அவள் உட்கார்ந்திருக்கும்வரை அவரும் எதையோ பிடித்துக்கொண்டு இருந்தார். நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவர் நடை என்னைத் தொற்றிக்கொண்டது போலிருந்தது.

ஒரு பிற்பகலில் போர்வைக்குள் கால்கள் நின்றுவிட்டன. முதலில் கவனித்தவள் அக்காதான். போர்வையை விலக்கிப் பார்த்தாள். பாதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, யாரோ கழற்றி வைத்த செருப்பு போல இருந்தன.

"கால் ஆடலடி," என்றாள் என்னிடம். அவர் காலை ஆட்டக் கூடாது என்று ஆயுள் முழுக்கத் திட்டியவள்.

அத்தான் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பிறகு அவள் உட்கார்ந்திருந்த முக்காலியைப் பார்த்தார். போர்வைமேல் கிடந்த வலது கை சற்றே உயர்ந்து, இடமும் வலமுமாக லேசாக ஆடியது. பார்க்கிறவர்களுக்கு அது அவருடைய பழைய பழக்கம்தான். நானே, ஏதோ துருதுருக்கிறார் என்றுதான் நினைத்திருப்பேன்.

அக்கா பதிலுக்குக் கையை ஆட்டவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மறுபடி ஆடியது. நெஞ்சைத் தொட்டது. கதவுப் பக்கம் போய்ப் பாதியில் விழுந்தது.

"தெரியுதுங்க," என்றாள் அக்கா. "எனக்கு நல்லாத் தெரியுது."

அவர் கண் அவள் முகத்திலேயே இருந்தது.

"அளவுக்கு மேல வச்சிருந்தா வெடிச்சிடும்னு நீங்கதானே சொல்வீங்க," என்றாள். குனிந்து அவர் நெற்றியில் முகத்தை வைத்தாள். காதருகே ஏதோ சொன்னாள். அது எனக்குக் கேட்கவில்லை.

பிறகு முக்காலியிலிருந்து எழுந்தாள். நாள்கணக்காக மடங்கியிருந்த முழங்கால் நிமிர மறுத்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழுதாக நிமிர்ந்து நின்றாள். பழக்க தோஷத்தில் கைப்பை முக்காலி மேல் போயிருந்தது. அதைப் பார்த்தாள்.

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.